உப்பளத்து வீட்டில் ஒரு மனச்சோர்வு மாத்திரை

1

நான் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். மனச்சோர்வுக்கான மாத்திரை. என் பிறந்த ஊரான மரக்காணத்தில் இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை.

அந்த மாத்திரை எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு வருடம் ஆகிறது. வீடு என்றால் பாரிஸுக்கு வடக்கே, புறநகர் ரயில் நிற்கும் ஓர் ஊரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. என் கணவருடையது புதுச்சேரிக் குடும்பம். பிரெஞ்சுக் குடியுரிமை அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. கல்யாணமாகி அவரோடு வந்தேன். பள்ளிக்கூட உணவகம் ஒன்றில் வேலை. ஒரே மகள் நிலா, லியோன் நகரத்தில் தங்கிப் படிக்கிறாள்.

எப்போது ஆரம்பித்தது என்று மருத்துவர் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதிவைக்கிற எனக்கே இதற்குத் தேதி தெரியவில்லை. யாரும் சாகவில்லை. வேலை போகவில்லை. நிலா வீட்டை விட்டுப் போனது காரணம் என்று கணவர் சொன்னார். அவள் போவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். அழுகைகூட வரவில்லை. காலையில் எழுந்து காலைத் தரையில் வைப்பது என்பது, யாரோ இன்னொருவரைத் தூக்கி நிறுத்துவது போல இருந்தது. பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு, வைத்தேனா என்று மறுபடியும் பார்ப்பேன். விடுமுறை நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.

இந்த நாட்டில் வியாதி வந்தால் முதலில் தாள்கள் வரும். குடும்ப மருத்துவரின் நேரத்தைக் கணினியில் பிடிக்க வேண்டும். வேலைக்குப் போகாமல் இருக்க அவர் தரும் தாளில் ஒரு பகுதி காப்பீட்டுக்கு, ஒரு பகுதி முதலாளிக்கு. நான் இரண்டையும் மாற்றி அனுப்பினேன். முதலாளிக்கு என் நோயின் விவரம் போயிற்று. காப்பீட்டு அலுவலகத்துக்கு ஒன்றும் புரியாத பாதி போயிற்று. அதைச் சரிசெய்ய வரிசையில் நின்றபோது, வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பில்லை என்பதைக் கவனித்தேன்.

மருத்துவரிடம் என் நிலைமையைச் சொல்லப் பிரெஞ்சில் வார்த்தை அகப்படவில்லை. கடைக் கதவில் தொங்கும் அட்டையில் எழுதியிருக்கும் வார்த்தையைச் சொன்னேன்: நான் மூடியிருக்கிறேன். அவர் திருத்தவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மருந்துச் சீட்டில் செர்ட்ராலின் என்று எழுதினார்.

2

மருந்தோடு வரும் விளக்கத் தாளை விரித்தால் சாப்பாட்டு மேசை நிறைந்துவிடும். வரக்கூடிய தொல்லைகள் என்று அத்தனை எழுதியிருந்தார்கள்; அவற்றில் எது எனக்கானது என்று எப்படித் தெரியும்? நிலாவுக்கு வீடியோ போட்டேன்.

நிலாவுக்குத் தெரிந்த தமிழ் சமையலறைத் தமிழ். என்னிடம் சாப்பிடவும் சண்டை போடவும் தேவையான அளவு. அதை வைத்துக்கொண்டு மூளையை விளக்கினாள்.

“அம்மா, மண்டைக்குள்ள குட்டிக் குட்டி வீடு. ஒரு வீடு பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் சாமான் குடுக்குது. குடுத்துட்டு, உடனே திருப்பி எடுத்துக்குது.”

“கஞ்சப் பிசினாறி.”

“ஆமா! இந்த மாத்திரை அது கையைப் பிடிச்சிக்குது. ‘இருக்கட்டும், அவங்க கொஞ்ச நேரம் வச்சிக்கட்டும்’னு சொல்லுது.”

அந்தச் சாமானின் பெயர் செரட்டோனின். உடம்பில் அதன் பெரும்பகுதி மண்டையில் இல்லை, வயிற்றில் இருக்கிறது என்றும் சொன்னாள். அதனால்தான் ஆரம்பத்தில் குமட்டும். மனத்துக்கு என்று விழுங்குவது வயிற்றின் கதவையும் தட்டிவிட்டுத்தான் போகிறது.

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் கேட்டேன். “குமட்டல் வந்துவிட்டது. குணம் வரவில்லையே?”

“மாத்திரை முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடும், மதாம். நீங்கள் அதை உணர வாரங்கள் ஆகும்.”

“நடுவில் என்ன செய்கிறது?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “மூளை தன்னை மெதுவாக மாற்றிக்கொள்கிறது என்று நினைக்கிறோம். முழுதாக எங்களுக்கே தெரியாது.”

“தெரியாமலா கொடுக்கிறீர்கள்?”

“பலருக்கு உதவுகிறது என்பது தெரியும்.”

நான் பயந்திருக்க வேண்டும். மாறாக, கோயிலில் திரை விலகுவதற்கு முன் நிற்கிற மாதிரி ஓர் உணர்வு ஏற்பட்டது. படித்தவர் ஒருவர், எழுதிக் கொடுக்கிற தன் கையைப் பார்த்தே வியக்கிறார் என்று தோன்றியது.

குணம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வந்தது கோபம். ஒரு சனிக்கிழமை, கணவர் குளித்துவிட்டு ஈரத் துண்டை வழக்கம்போலக் கட்டில்மேல் போட்டார். பல மாதங்களாக அந்தத் துண்டு அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. அன்றைக்குத் தெரிந்தது. கத்தினேன். அவர் துண்டை எடுக்காமல் போனை எடுத்தார்.

“நிலா! அம்மா திட்டுறாம்மா! நல்லாவே திட்டுறா!”

எனக்கு என்னைத் திருப்பித் தந்தது போல இருந்தது. தனியாக உட்கார்ந்து என் கைகளையே வெகுநேரம் பார்த்தேன்.

3

இந்த வருடம் மே மாதம் ஊருக்கு வந்தேன். கிளம்பும் முன் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்.

என் அண்ணனுக்கு மரக்காணத்தில் குத்தகை உப்பளம். மாத்திரை விஷயத்தை அவரிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைக்கூட வைக்கவில்லை, அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

“இன்னும் அந்த மாத்திரைய வுடலயாம்மா, செல்வி?”

“இல்லண்ணா. டாக்டர் சொல்லாம வுடக் கூடாது.”

“ஊருல யாருகிட்டயும் சொல்லிக்காத. அப்புறம் பயித்தியம்னு பேரு கட்டிடுவாங்க. இங்க ஒருத்தன் வாயில வுழுந்தா கூனிமேடு வரைக்கும் போயிடும்.”

அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “ஏங்க, வந்ததும் வராததுமா! தங்கச்சிக்கு மொதல்ல மோரு குடுங்க.”

அந்த மோரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெயிலில் தலை சுற்றும், ஆடுசதை பிடித்துக்கொள்ளும். அதற்கு உப்புப் போட்ட நீர்மோரைச் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். மருந்து, சாப்பாடு, உபசாரம் எல்லாம் அதுதான். வியர்வையில் உப்பைக் கொட்டுகிற உடம்புக்கு அது மிகச் சரி.

வந்த சில நாட்களில் எனக்குத் தலை வலித்தது. நாக்கு வறண்டது. அக்கினி நட்சத்திர வெயில், இருபது வருடக் குளிரில் பழகிய உடம்பு. அதனால்தான் என்று எல்லோரும் சொன்னோம். மோர் வந்தது. குடித்தேன். தலைவலி கூடியது. இன்னும் மோர் வந்தது. நடுவில் தண்ணீரும் குடித்தேன். உப்பளத்து வீட்டுப் பெண்ணான எனக்கும் வேறு வைத்தியம் தோன்றவில்லை. ஆனால் நான் வெயிலில் நின்று உப்பு வாரிக்கொண்டிருக்கவில்லை. ஃபேன் காற்றில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சின்னச் சின்னக் கோளாறுகள். அண்ணியிடம் பிரெஞ்சில் உப்பு ஜாடி கேட்டேனாம். அவள் சிரித்தாள்.

“இன்னாம்மா, நானும் பாஸ்போர்ட்டு வாங்கணுமா உனுக்குச் சோறு போட?”

மறுநாள் அவளைப் பார்த்து நிலா என்று கூப்பிட்டேன். அப்போது அவள் சிரிக்கவில்லை. வாசலுக்கு ஓடி அண்ணனைக் கூப்பிட்டாள். எனக்கு அதற்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது: கார் ஜன்னலில் சவுக்குத் தோப்புகள், பொம்மையார்பாளையத்தில் ஒரு மீன்கூடை, என் நெற்றியில் அண்ணனின் சொரசொரத்த கை.

4

புதுச்சேரி மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கையில் ஊசி ஏறி, இரண்டாம் நாள் என் கண்ணுக்குச் சுவர்கள் நேராகத் தெரியத் தொடங்கியபோது, கட்டிலருகே அண்ணனும் அண்ணியும் டாக்டரும் நின்றார்கள். டாக்டர் நடுத்தர வயதுக்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா.

“ரத்தத்துல உப்பு ரொம்பக் கம்மியாயிடுச்சு. சோடியம்.”

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சார், நாங்க மரக்காணம். உப்பளத்துக்காரங்க. எங்க வூட்டுப் பொண்ணுக்கே உப்பு கம்மின்னா ஊருல சிரிப்பாங்க சார்.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தே விட்டாள்.

“தெனம் உப்புப் போட்டுத்தான் சார் மோரு குடுத்தோம்” என்றாள் அண்ணி.

“எவ்ளோ மோரும்மா?”

“சொம்பு சொம்பாத்தான்.”

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். “அதுல உள்ள போன உப்பு கொஞ்சம். தண்ணி ரொம்ப. சாதாரணமா மிச்சத் தண்ணிய சிறுநீரகம் வெளிய தள்ளிடும். இவங்க சாப்பிடுற மாத்திரை சில பேருக்கு, ‘தண்ணிய வுடாத, புடிச்சு வை’ன்னு சிறுநீரகத்துக்கு மூளையை உத்தரவு போடவச்சிடும். எல்லாருக்கும் வராது. இவங்களுக்கு அளவைக் கூட்டினதும், இந்தத் தண்ணியும் சேர்ந்துக்கிச்சு.”

“அப்ப உப்பு எங்கயும் போவல?”

“பெருசா எங்கயும் போவல. தண்ணிதான் தங்கிடுச்சு.”

அண்ணன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. “மழ பேஞ்ச பாத்தி.”

“என்னது?”

“பாத்தியில உப்பு படிஞ்சு எறங்குற நேரத்துல கோட மழ வரும் சார். உப்பு கரைஞ்சிடும். கரைஞ்சு எங்க போவும்? அங்கதான் இருக்குது. தண்ணி ஏறிடுச்சு, அவ்ளோதான். அதுல மூட்ட உப்பைக் கொண்டாந்து கொட்டுறவன் கிறுக்கன். தண்ணி போவணும்.”

“அதேதான்” என்றார் டாக்டர். “தண்ணி போவணும். இனிமே அளந்துதான் குடிக்கணும். ரத்தத்துல உப்பு மெதுவாத்தான் ஏறணும். வேகமா ஏத்தினா மூளைக்கே ஆபத்து.”

படுத்தபடியே இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னால் அந்தப் பிரமிப்பைச் சரியாக எழுத முடியுமா தெரியவில்லை. பாரிஸில் ஒரு மருத்துவர் என் மனத்துக்கென்று எழுதியது, வயிற்றைத் தொட்டு, மண்டையைத் தொட்டு, அங்கிருந்து சிறுநீரகத்தின் மதகுவரை போயிருக்கிறது. நான் மனம் என்று தனியாக ஒன்றை நினைத்திருந்தேன். அப்படித் தனியாக ஒன்றும் இல்லை. உப்பும் தண்ணீரும் கொஞ்சம் நிலை மாறினால் அண்ணி நிலாவாகிவிடுகிறாள். உள்ளே ஒரு சிறு கடலை வைத்துக்கொண்டு, அது ஒரே மட்டத்தில் நிற்பது தெரியாமலே, இத்தனை வருடம் நடமாடியிருக்கிறேன்.

அண்ணன் முடிவுக்கு வந்துவிட்டார். “சரிங்க சார். அந்த மாத்திரைய ஒரேடியா நிறுத்திடுங்க. அந்தப் பேச்சே வேணாம்.”

“அண்ணா” என்றேன். நான் பேசியது எல்லோருக்கும் ஆச்சரியம். “மாத்திரையே இல்லன்னா நான் திரும்ப அங்கயே போயிடுவேன்.”

“எங்கம்மா?”

“சுவத்தப் பாத்துப் படுத்துக்கினு இருந்தேனே. அங்க.”

அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். இந்த மாத்திரையை இனிக் கொடுக்க முடியாது. உடனே நிறுத்த வேண்டும். வேறு வகை மாத்திரை ஒன்று இருக்கிறது. அதில் ரத்தத்து உப்பு குறைந்துபோகிற வாய்ப்பு கம்மி. ஆனால் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

“அது எனக்கு ஒத்துக்குமா, டாக்டர்?”

“பல பேருக்கு ஒத்துக்குது. உங்களுக்கு எப்படின்னு பொறுத்துத்தான் பாக்கணும்.”

இரண்டு நாடு, இரண்டு மருத்துவர். இருவருமே தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்கள். அதனால்தான் இருவரையும் நம்பினேன்.

5

மறுபடியும் காத்திருப்பு. இந்த முறை பயத்தோடு.

பழைய மாத்திரை போய்விட்டது; புதியது இன்னும் பேசவில்லை. நடுவே இருந்த நாட்களில் மண்டைக்குள் சின்ன மின்சாரச் சொடுக்குகள். பழைய மருந்து விலகும்போது இப்படி வரும், போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போய்விட்டது. ஆனால் ஒரு காலை, காலைத் தரையில் வைக்க யோசித்தேன். அந்தக் கனம் எனக்குத் தெரிந்த கனம். போர்வைக்குள் அப்படியே கிடந்தேன்.

அண்ணி அதட்டவில்லை. “எழுந்திருக்கணும்னா எழுந்திரு, இல்லன்னா அங்கயே காபி கொண்டாரேன்” என்றாள். தண்ணீருக்கு மட்டும் அவள்தான் காவல். டாக்டர் சொன்ன அளவை ஒரு பாட்டிலில் ஊற்றிவைத்து, அதற்குமேல் ஒரு வாய் கேட்டாலும் தரமாட்டாள். மோர் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரியை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

“எங்க வூட்ல மோருக்குத் தடை உத்தரவு. நீயே குடிச்சிட்டுப் போ.”

விடுப்பை நீட்ட, புதுச்சேரி டாக்டரின் சான்றிதழைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, பள்ளிக்கும் காப்பீட்டுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. நிலா அதை எடுத்துக்கொண்டாள். தமிழ் அவளை விட்டு விலகிவிட்டது, அவளும் எங்களை விட்டு விலகிவிடுவாள் என்று நான் வருந்திக்கொண்டிருந்த பெண் அவள். ஓர் அலுவலகத்தை அவள் போனில் பிரெஞ்சில் பிடி பிடியென்று பிடித்துவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னாள்: “அம்மா, எல்லாத் தாளும் வெந்துடுச்சு. நீ படு.”

ஜூன் பாதியில் ஒரு மத்தியானம். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டேன்: “அண்ணி, நாளைக்கு இன்னா குழம்பு?”

பசி இந்தப் புதிய மாத்திரையின் குணம். டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஆகவே பசியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு குழம்பு இருக்கிறது, அது என்னவென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது பசி அல்ல. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. தண்ணீர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்க, அப்படியே நின்றேன். மாத்திரை எந்த நாளில், எந்த நொடியில் இதைச் செய்தது? யாருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல், எனக்கு ஒரு மறுநாளைக் கொண்டுவந்து வைத்திருந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். என் மாத்திரை எனக்கு. இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் தாமாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னை உப்பளத்துக்கு அழைத்துப் போனார். வரப்பில் உட்கார்ந்தோம். ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். வேலை முடிந்த பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார் என்று அண்ணி சொல்லியிருந்தாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

பாத்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அண்ணன் கேட்டார்.

“ஏம்மா, அந்த மாத்திர... ஆம்பளைங்களுக்கும் குடுப்பாங்களா?”

அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அவர் திரும்பவில்லை.

“யாருக்குண்ணா?”

“சும்மா கேட்டேன்.”

நான் காத்திருந்தேன். மாத்திரையிடமிருந்து கற்றது அதுதான்.

“சோறு எறங்க மாட்டேங்குது” என்றார். “ரெண்டு மூணு வருசமாவே. உங்கண்ணி காந்தாவுக்குத் தெரியாது. உப்பைப் பாத்தா நல்லா வந்திருக்குதேன்னு ஒரு இது வருமே, அது வர்றதில்ல. வெயில்தான், வயசுதான்னு நெனச்சிக்கினேன். ஆஸ்பத்திரியில நீ சொன்னியே, அங்க திரும்பப் போயிடுவேன்னு... எனுக்கு அந்த எடம் தெரியும்.”

இரண்டு நாள் கழித்து இருவரும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனோம். அண்ணியிடம் என் ரத்தப் பரிசோதனைக்கு என்று சொன்னார். அதுவும் இருந்தது. ஆனால் உள்ளே போனதும் நோயாளியின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். நான் வெளியே போக எழுந்தேன். “நீ இரு” என்றார். டாக்டர் எப்போதிருந்து என்று கேட்டார். அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். வாழ்நாளில் அவர் அத்தனை நேரம் பேசி நான் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல, வீட்டின் எல்லா வருடங்களும் வேறு மாதிரி தெரிந்தன. டாக்டர் ஒருமுறைகூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அண்ணியிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவள் அழுதாள், பிறகு இரண்டு மூன்று வருடமாக மறைத்ததற்காக ஒரு வாரம் பேசவில்லை, பிறகு அவர் மாத்திரை சாப்பிட்டாரா என்று காலையில் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினாள்.

நான் பாரிஸ் திரும்பி மாதங்கள் ஆகின்றன. அவருடைய மாத்திரை எது, எந்த அளவு என்பது அவருக்கும் டாக்டருக்கும் உள்ள விஷயம். போன வாரம் போனில் பேசியபோது, இந்த வருட உப்புப் பருவம் எப்படி என்று நான் கேட்பதற்கு முன்பே, உப்பு பொன்னு மாதிரி எறங்கியிருக்குது என்று தானாகச் சொன்னார். அதன் பிறகுதான் இதை எழுதுவதாகச் சொல்லி அனுமதி கேட்டேன். ஊர்ப் பேரை மாற்றிவிடுகிறேன், உன்னை வெறும் உறவினர் என்று போட்டுவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன்.

போனில் காற்றின் சத்தம் கேட்டது. உப்பளத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“எதுக்கும்மா மாத்துற? என்னாட்டம் எத்தினி பேரு வரப்புல உக்காந்துக்கினு இருக்கானோ. பேரு போட்டே எழுது.”

என் அண்ணன் பெயர் ஏகாம்பரம். மரக்காணம்.